லாந்தர் ஆணி

ரெய்ன்ஹில்டை வீட்டுக்குக் கூப்பிடுகிறவர்கள் மேஜைக்கு ஒரு விரிப்பைப் போட்டுவிட்டுத்தான் கூப்பிடுவார்கள். விரிப்பு இல்லையென்றால் தொலைந்தது. காப்பிக் கோப்பை கைக்கு வருவதற்கு முன்பே அவள் உள்ளங்கை மேஜையின்மேல் ஒருமுறை நடந்துவிட்டு வரும். பிறகு தலையைச் சாய்த்து, ஜன்னல் வெளிச்சம் பலகைமேல் வழுக்கிப்போகிற கோணத்தில் ஒரு பார்வை. "இந்த மூலையில பிரஸ் சூடு பத்தல. காகிதத்துக்கு அடியில ஒரு தூசி வேற. யாரு உன் தலையில கட்டினாங்க இதை?" என்பாள். அதற்கப்புறம் வீட்டுக்காரிக்குத் தான் சுட்ட பிளம் கேக்கே தொண்டையில் இறங்காது.

புதிதாக வந்த பாதிரியாரையும் அவள் விட்டுவைக்கவில்லை. முதல் ஞாயிறு பூசை முடிந்து வாசலில் கைகுலுக்கும்போது, பிரசங்க மேடை ஓக் மரமே இல்லை, ஓக் அச்சடித்த காகிதம் ஒட்டிய பலகை, அதிலும் காகிதத்துக்குக் கீழே யாருடைய தலைமுடியோ மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அவர் காதருகே சொன்னாள். நல்ல மனிதர் அவர். "கடவுளுக்குத் தெரியும், இப்ப எனக்கும் தெரிஞ்சிருச்சு. ஊருக்கு வேண்டாமே," என்றார். மத்தியானத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது.

அவளைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. சாவர்லாந்து மலைகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் ஹோலன்பெக்கில் பலகைத் தொழிற்சாலையை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது. மரச்சில்லைப் பிசினில் குழைத்துப் பலகை ஆக்குவார்கள். மரத்தின் படம் அச்சடித்த, பிசினில் ஊறிய காகிதத்தை அதன்மேல் விரித்துச் சூட்டில் அழுத்துவார்கள். வெளியே வரும்போது அது ஓக்காகவோ வால்நட்டாகவோ ஆகிவிட்டிருக்கும். அந்த பிரஸ்ஸின் வாயிலிருந்து வெளியே வரும் பலகை ஒவ்வொன்றையும் விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, இது முதல் தரம், இது இரண்டாம் தரம், இது குப்பை என்று பொத்தான் அழுத்துவதுதான் ரெய்ன்ஹில்டின் வேலை. பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்து சேர்ந்தவள். நாளெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவளுக்கு வீட்டுக்கு வந்ததும் அதை மூடி வைக்கவா தெரியும்?

இரண்டாம் தரம் எங்கே போகும் என்றால், எங்கள் வீடுகளுக்குத்தான். தொழிலாளிகளுக்குப் பாதி விலை. ஆகவே ஹோலன்பெக்கில் குறை இல்லாத சமையலறையே கிடையாது. ஒரு வீட்டு அலமாரிக் கதவில் பிரஸ் கீறல், இன்னொரு வீட்டில் காகிதம் மடிந்த தழும்பு. அவரவர் வீட்டுக் குறை எதுவென்று அடுத்த வீட்டுக்குத் தெரியும், அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வதும் உண்டு. ஊரிலேயே மோசமான சமையலறை மட்டும் ரெய்ன்ஹில்டின் வீட்டில் இருந்தது. மாமியார் காலத்து அலமாரி. ஒரு கதவு கீல் கழன்று, கம்பியால் கட்டி நின்றது. காரணம் அவள் கணவன் கிஸ்பெர்ட். அதைப் பிறகு சொல்கிறேன்.

கிஸ்பெர்ட்டும் அதே வரிசையில்தான் வேலை பார்த்தான். அவன் தலைமாட்டில், அவள் கால்மாட்டில். காகிதத்தை எடுத்துப் பலகைமேல் சுருக்கமில்லாமல் விரிப்பது அவன் பொறுப்பு. நடுவில் பிரஸ். அவன் கைபட்ட பலகை சூடாக அவள் கைக்கு வந்து சேரும். கல்யாணமான புதிதில் காகிதத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு பூ வரைந்து அனுப்புவானாம். அறுத்து எறியப்போகிற ஓரம் என்பதால் யாருக்கும் தெரியாது, அவளுக்கு மட்டும் தெரியும். மற்றபடி வாயைத் திறக்காத ஆள். கம்பத்தில் கட்டிய மரப்பறவையைச் சுடும் ஊர்த் திருவிழாவில் எல்லோரும் பீர் குடித்துவிட்டு ஊரையே தூக்குகிறபோதும் கிஸ்பெர்ட் ஒரு மூலையில் கோப்பையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நிற்பான், அவ்வளவுதான்.

ஒரே பிள்ளை, ஹென்னிங். பிள்ளை பிறந்ததும் ஒருவர் காலை ஷிஃப்ட், ஒருவர் மாலை ஷிஃப்ட் என்று மாற்றிக்கொண்டார்கள். பிள்ளையோடு எப்போதும் ஒருவர் இருக்க வேண்டுமே. வாரம் பூராவும் கணவனும் மனைவியும் தொழிற்சாலை வாசலில் சந்தித்துக்கொள்வார்கள். "காய்ச்சல் இல்ல, கஞ்சி குடிச்சிட்டான், சாவி பூந்தொட்டியில இருக்கு," இவ்வளவுதான் பேச்சு. பிள்ளையின் பாதிப் பொழுதை ஒருவர் பார்த்தார், மறுபாதியை மற்றவர் பார்த்தார். இரண்டு பாதியையும் சேர்த்துப் பார்த்தவன் ஹென்னிங் மட்டும்தான்.

எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது. திருடினால்கூட மன்னிப்பு உண்டு, இதற்குக் கிடையாது. போரின்போது இந்தக் காடுகளில் விழுந்த குண்டுகளின் சில்லுகள் மரங்களுக்குள் போய், பட்டை மூடி, வெளியே தெரியாமல் உட்கார்ந்திருக்கின்றன. அறுக்கும்போது ரம்பம் அதில் மோதினால் பல் தெறிக்கும். கிஸ்பெர்ட்டின் அப்பா அப்படித்தான் ஒரு கண்ணை இழந்தார். கண்ணாடிக் கண் வாங்க மறுத்து, அந்தக் குழியோடேயே ஊருக்குள் நடந்தார். சிலுவை மாட்டக்கூட யாரும் மரத்தில் ஆணி அடிப்பதில்லை.

ஹென்னிங் முதல் வகுப்பில் படிக்கும்போது, மார்ட்டின் திருநாளுக்குப் பிள்ளைகள் காகித லாந்தர் ஏந்தி ஊர்வலம் போன மறுநாள் காலை, அம்மாவின் கையைப் பிடித்து வீட்டோரத்து ஓக் மரத்தின் பின்பக்கத்துக்கு இழுத்துப்போனான். அவன் உயரத்துக்குச் சரியாக மரத்தில் ஒரு ஆணி. தலை இல்லாத ஆணி.

"நான்தான்மா அடிச்சேன். லாந்தரை மாட்டி வச்சா மரத்துக்கும் வெளிச்சமா இருக்கும்ல?"

ரெய்ன்ஹில்ட் சுற்றுமுற்றும் பார்த்தாள். "அடப்பாவி! அப்பா பாத்தாரா?"

"அப்பாவுக்குத் தெரியாது. சொல்லாதே. சொல்ல மாட்டேன்னு சொல்லு."

"சொல்லல. லாந்தர் எங்கடா?"

"கிழிஞ்சிருச்சு," என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான்.

அவள் சொல்லவில்லை. அடிக்கத் தெரியாமல் அடித்து ஆணித்தலையை உடைத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு மூன்று வருஷத்தில் மரம் ஆணியை விழுங்கிவிட்டது. எப்போதாவது அந்தப் பக்கம் போகும்போது அம்மாவும் பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக் கண் சிமிட்டிக்கொள்வார்கள். தனக்கும் மகனுக்கும் மட்டும் தெரிந்த ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதில் அவளுக்குச் சொல்ல முடியாத சந்தோஷம்.

ஹென்னிங்கின் இருபதாவது வயதில், இலை உதிரும் காலத்தில், ஈர இலை மேல் அவனுடைய மோட்டார் சைக்கிள் வழுக்கியது. வேறொன்றும் சொல்வதற்கில்லை. நல்ல பிள்ளை. எங்கள் வீட்டுப் பனியைக்கூட அள்ளிப் போட்டிருக்கிறான்.

பிள்ளை போனபிறகு மாற்று ஷிஃப்டுக்கு அவசியமில்லாமல் போயிற்று. இருவரும் காலை ஷிஃப்டுக்கே வந்தார்கள். ஒன்றாகப் போனார்கள், ஒன்றாக வந்தார்கள். அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. கிஸ்பெர்ட் ஆரம்பிக்கட்டும் என்று அவள் இருந்தாள். அவன் ஆரம்பிக்கிற ஆளா?

சில வருஷம் கழித்து ஒரு ஜனவரியில் அடித்த புயல் மலைச்சரிவுகளைத் துடைத்துப் போட்டது. ரெய்ன்ஹில்டின் வீட்டு ஓக்கும் வேரோடு சாய்ந்தது. நல்லவேளை, வீட்டின்மேல் விழவில்லை. அப்போது தொழிற்சாலையில் ரைசரம்மா என்று ஒருவர் புதிய மரப்படங்களைத் தேடிக்கொண்டிருந்தார். நல்ல மரமாகப் பார்த்து வாங்கி, பலகையாக அறுத்து, அதன் ரேகையைப் படமெடுத்து அச்சு உருளையில் செதுக்க வைப்பது அவர் வேலை. விழுந்த ஓக்கைப் பார்த்ததும் அவருக்குப் பிடித்துவிட்டது. கிஸ்பெர்ட் தோளைக் குலுக்கிக் கொடுத்துவிட்டான்.

அறுப்பு மில்லில் ஆணி கிடைத்தது. எங்கள் பக்கத்து மரம் எதையும் இப்போதெல்லாம் உள்ளே இரும்பு இருக்கும் என்று எண்ணியே, தடுப்புக்குப் பின்னால் நின்றுதான் அறுப்பார்கள். ரம்பத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, ஓரமாகப் போயிருந்தது. ஆனால் ஓக் மரத்துக்குள் இரும்பு கிடந்தால் சுற்றிலும் நீலக்கறுப்பாகக் கறை ஏறும். பலகையின் நடுவில் பெருவிரல் அளவுக்கு ஒரு கறை, ரேகையோடு வால் நீட்டிக்கொண்டு. செய்தி கேள்விப்பட்ட அன்றே ரெய்ன்ஹில்ட், வேலைநேரத்தில் தலைமுடிக்குப் போடும் வலையைக்கூடக் கழற்றாமல், வாழ்நாளில் முதல்முறையாக மாடியில் இருக்கும் வடிவமைப்பு அறைக்கு ஏறிப் போனாள்.

"அதைக் கம்ப்யூட்டர்ல தொடச்சிடுவோம், கவலைப்படாதீங்க," என்றார் ரைசரம்மா.

"தொடைக்காதீங்க. அதுக்குத்தான் வந்தேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். லாந்தர், ஆணி, கண் சிமிட்டல், ஈர இலை. சொல்லி முடித்தபோது ரைசரம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்டுக்காரருக்கு?"

"அவருக்கு ஆணியே தெரியாது. தெரிய வேண்டாம். மரத்துல ஆணின்னா அவருக்கு அப்பா ஞாபகம் வந்திரும்."

கறை தங்கியது. ஹோலன்பெக் ஓக் என்று அந்தப் படத்துக்குப் பெயர் வைத்தார்கள். யாரும் எதிர்பார்க்கவில்லை, அப்படி விற்றது. அந்தக் கறைதான் நிஜ மரம் மாதிரி இருக்கிறது என்று கடைக்காரர்கள் சொன்னார்களாம். அச்சு உருளை ஒருமுறை சுற்றினால் கறை ஒருமுறை வரும். ஆகவே ஒவ்வொரு பலகையிலும் இரண்டு தடவை வந்தது. ஹோட்டல் அறைகளில், பல் டாக்டரின் வரவேற்பில், வங்கியின் மேஜையில், யார் யாரோ சமைக்கிற அடுப்பங்கரைகளில் ஹென்னிங்கின் ஆணி போய் உட்கார்ந்துகொண்டது.

அந்த ஆறேழு வருஷம் ரெய்ன்ஹில்ட் லீவே எடுக்கவில்லை. பலகை சூடாக வந்து நிற்கும், விளக்கில் சாயும், கறை அவளைப் பார்க்கும். ஒருநாள் பக்கத்து மேடையில் நின்ற நுர்தென், துருக்கி வழக்கப்படி அவளை எப்போதும் அக்கா என்றே கூப்பிடுகிறவள், கேட்டேவிட்டாள்.

"அக்கா, அந்தப் பலகைகிட்ட என்னதான் பேசுறே? உதடு அசையுது."

"காலை வணக்கம் சொல்றேன்."

"ஒரு நாளைக்கு ஆயிரம் தடவையா?"

"உனக்கென்ன வந்துச்சு? உன் பிள்ளைங்ககிட்ட நீ சொல்றதில்லையா?"

நுர்தெனுக்கு விளங்கிற்றோ இல்லையோ, அதற்குப் பிறகு கேலி செய்யவில்லை.

ரெய்ன்ஹில்டுக்கு ஒரே ஆசை, தன் சமையலறையை அந்தப் பலகையில் செய்ய வேண்டும் என்பது. ஒவ்வொரு முறை இரண்டாம் தரம் விற்பனைக்கு வரும்போதும் கேட்பாள். கிஸ்பெர்ட் மாட்டேன் என்பான். "இருக்கிறது போதும்" என்பான். கதவு கழன்று அவன் காலிலேயே விழுந்த நாளன்றும் கம்பியைத் தேடி எடுத்துக் கட்டினானே தவிர, சரி என்று சொல்லவில்லை. பலகை ஆலைக்காரன் வீட்டில் கம்பி கட்டிய கதவு என்று ஊரே சிரித்தது. பல் டாக்டரை மாற்றினான். வங்கிக்கு அவளை மட்டும் அனுப்பினான். கிழவனாகிறான், பிடிவாதம் ஏறுகிறது என்று நினைத்தாள். பக்கத்திலேயே படுத்திருக்கிற மனுஷனைச் சாய்த்துப் பார்க்க அவளுக்கு விளக்கு இல்லை.

பிறகு ஒரு மார்ச் மாதம் அச்சு உருளை தேய்ந்துபோனதால் புதிதாகச் செதுக்கினார்கள். அந்தப் புது உருளையில் அச்சடித்த காகிதத்தில் முதல் ஓட்டம். வரிசையில் வந்த முதல் பலகையை ரெய்ன்ஹில்ட் சாய்த்துப் பார்த்தாள். கறை இல்லை. கறை இருந்த இடத்தில் ரேகை நேராக, அழகாக, ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது. உள்ளங்கையால் தடவினாள். இரண்டாவது இடத்தையும் பார்த்தாள். அங்கும் இல்லை.

அவள் விரல் இரண்டாம் தரத்தை அழுத்தியது.

அடுத்த பலகை வந்தது. இரண்டாம் தரம். அதற்கடுத்தது. இரண்டாம் தரம். ஒரு கீறல் இல்லை, ஒரு தூசி இல்லை, அவள் வேலைக்கு வந்த நாளிலிருந்து அவ்வளவு சுத்தமான ஓட்டத்தைப் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் தள்ளினாள்.

"அக்கா! என்ன பண்றே? எங்கே குறை?"

"கண்ணு தெரியலையா உனக்கு?"

"தெரியுது. ஒண்ணுமே இல்லையே."

"அதான் குறை. ஒண்ணுமே இல்ல."

ஒரு அடுக்கு நிறைந்து இரண்டாவது அடுக்கும் ஏறிய பிறகுதான் ஃபோர்மேன் ஃபோல்க்மர் ஓடிவந்து வரிசையை நிறுத்தினான். சின்னப் பையனாக வந்து இவளிடம் திட்டு வாங்கி வளர்ந்தவன். பலகையைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான், மாடிக்குப் போன் பண்ணினான். ரைசரம்மா இறங்கி வந்தார்.

"நீங்க எனக்கு வாக்குக் குடுத்தீங்க," என்றாள் ரெய்ன்ஹில்ட். எல்லார் முன்னாலும் கண்ணீர் வந்தது. அதைத் துடைக்கவும் தோன்றவில்லை.

ரைசரம்மா அவள் கையைப் பிடித்தார். "உங்க வீட்டுக்காரர்தான் வந்து கேட்டாரு. உருளை மாத்தும்போது அதை எடுத்திடுங்கன்னு."

"கிஸ்பெர்ட்டா? அவருக்கு எதுக்கு?"

"அது உங்க பையன் அடிச்ச ஆணின்னு அவரே சொன்னாரு. நீங்க சொல்லித்தான் வந்திருக்காருன்னு நெனச்சேன். ரெண்டு பேரும் சேந்து எடுத்த முடிவுன்னு நெனச்சிட்டேன்."

ரெய்ன்ஹில்ட் வரிசையின் தலைமாட்டைப் பார்த்தாள். பிரஸ்ஸுக்கு அப்பால் கிஸ்பெர்ட் நின்றிருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. வரிசை நின்றதுமே கைப்பையை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போய்விட்டான் என்றார்கள்.

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது அவன் அடுப்படியில் உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டிருந்தான். அவள் கோட்டைக் கழற்றவில்லை.

"ரைசரம்மாகிட்ட நீ போனியா?"

"போனேன்."

"எடுக்கச் சொன்னியா?"

"சொன்னேன்."

"அந்த ஆணி உனக்கு எப்படித் தெரியும்?"

கரண்டி நின்றது. அவன் திரும்பினான். "எனக்கு எப்படித் தெரியுமாவா? உனக்கு எப்படித் தெரியும்?"

"எம்புள்ள எங்கிட்ட காட்டினான். எனக்கும் அவனுக்கும் மட்டுந்தான் தெரியும்."

"எனக்கும் அவனுக்கும் மட்டுந்தான் தெரியும்," என்றான் கிஸ்பெர்ட்.

சட்டியில் கிழங்கு சீறிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்த்தபடியே பேசினான். அவ்வளவு நீளமாக அவன் பேசி அவள் கேட்டதில்லை.

"ஊர்வலம் முடிஞ்சு வந்தோம். நீ ஷிஃப்ட்ல இருந்தே. நான் விறகு எடுக்கப் போனேன். சுத்தியல் சத்தம் கேட்டு ஓடி வந்தா, மரத்துல ஆணி. எங்கப்பாவோட அந்தக் கண்ணுக்குழிதான் தெரிஞ்சுது எனக்கு. ஓங்கி அறைஞ்சிட்டேன், ரெய்ன்ஹில்ட். லாந்தர் மேலயே போய் விழுந்தான். அப்புறம் கொறடு எடுத்து ஆணியைப் புடுங்கப் பாத்தேன். தலை மட்டும் கழண்டு வந்துச்சு."

"அழுதானா?"

"அழல. எந்திரிச்சு நின்னு, வலிக்கலப்பான்னு சொன்னான்."

ரெய்ன்ஹில்ட் கம்பி கட்டிய கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் மேல கைவெச்சது அது ஒரு தடவைதான். மன்னிப்புக் கேக்கல. பெரியவன் ஆனதும் ஒருநாள் பீர் குடிக்கும்போது சொல்லிக்கலாம்னு இருந்தேன்." அவன் தன் வலது கையை விரித்துப் பார்த்தான். "காகிதத்தைத் தடவி விரிக்கிறதுதானே என் வேலை? ஒரு பலகைக்கு ரெண்டு தடவை. ஒவ்வொரு தடவையும் இந்தக் கை அவன் கன்னத்துல போய் விழுது. ஏழு வருஷமா. என்னால முடியல."

அவளுக்குக் கோபம் இருந்தது. என் பிள்ளையைத் துடைத்துப் போட்டாயே என்று கத்த வேண்டும் போலிருந்தது. அந்த ஏழு வருஷமும் அவள் காலை வணக்கம் சொல்லிச் சொல்லி வாங்கிய ஒவ்வொரு பலகையும் இவனை அறுத்துவிட்டு வந்ததுதான் என்பதும் அதே நேரத்தில் தெரிந்தது. இரண்டும் நெஞ்சுக்குள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன.

"மறுநாளே என்னைக் கூட்டிட்டுப் போய் ஆணியைக் காட்டினான்," என்றாள். "அப்பாவுக்குத் தெரியாது, சொல்லாதேன்னான்."

கிஸ்பெர்ட் நிமிர்ந்தான். "தெரியாதுன்னா சொன்னான்?"

"ஆமா. சத்தியம் மாதிரி வாங்கிக்கிட்டான்."

"அப்ப என்னை அவன் காட்டிக் குடுக்கலியா?"

"இல்ல."

கிஸ்பெர்ட் அடுப்புப் பக்கமாகத் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்திய வீட்டில் அவன் அழுது அவள் பார்த்தது அன்றுதான், பிள்ளையைப் புதைத்த அன்றுகூட இல்லை. கிழங்கு தீய்ந்த வாசனை வந்தது. அவள் கையை நீட்டி அடுப்பை அணைத்தாள். தீயாத கிழங்காகப் பொறுக்கி எடுத்து இருவரும் சாப்பிட்டார்கள்.

மறுநாள் வரிசை ஓடியது. முதல் பலகை வந்து விளக்கில் சாய்ந்தது. ரெய்ன்ஹில்ட் அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். பலகை சூடாக இருந்தது. தலைமாட்டில் கிஸ்பெர்ட் காகிதத்தை விரிப்பதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் முதல் தரத்தை அழுத்தினாள். அன்றைக்கு எல்லாமே முதல் தரம்தான். உதடு அசையவில்லை என்று நுர்தென் பிறகு சொன்னாள்.

தள்ளப்பட்ட அந்த இரண்டு அடுக்கையும் ஃபோல்க்மர் திரும்ப முதல் தரத்தில் சேர்த்திருக்கலாம். ஏனோ சேர்க்கவில்லை. பாதி விலைக்குத் தொழிலாளிகளுக்கே விற்றான். அதனால்தான் ஹோலன்பெக்கில் சில வீடுகளில் மட்டும் எவ்வளவு தேடினாலும் குறை கண்டுபிடிக்க முடியாத சமையலறைகள் இருக்கின்றன. ரெய்ன்ஹில்டின் வீட்டுச் சமையலறை அதில் ஒன்று. கிஸ்பெர்ட் தானே அறுத்து, தானே மாட்டினான். கதவுகள் நன்றாகச் சாத்துகின்றன. நான் போய்ப் பார்த்திருக்கிறேன். அவள் ஒரு கதவைக்கூடத் தடவிப் பார்க்கவில்லை.

இருவரும் ஓய்வு பெற்றபின், போன குளிர்காலத்தில் கிஸ்பெர்ட்டின் முழங்கால் வீங்கிப்போய் மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எக்ஸ்ரே அறைக்கு வெளியே நீண்ட தாழ்வாரம். சுவரோரமாக வரிசையாக நாற்காலிகள். நாற்காலி முதுகு உரசாமல் இருக்கச் சுவர் நெடுகப் பலகை பதித்திருந்தார்கள். ஹோலன்பெக் ஓக், பழைய ஓட்டம். ரெய்ன்ஹில்ட் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். நீலக்கறுப்பாக, வால் நீட்டிக்கொண்டு, அவளுக்கு நேர் எதிரே.

கிஸ்பெர்ட் ஊன்றுகோலோடு பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்தான். அவள் வேகமாக நடந்துபோய் அந்தக் கறைக்கு முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, நன்றாகச் சாய்ந்துகொண்டாள். கறை அவள் முதுகுக்குப் பின்னால் மறைந்தது. கோட்டுக்கு ஊடாக அது சுடுகிற மாதிரி இருந்தது அவளுக்கு. "இங்க வந்து உக்காரு," என்று பக்கத்து நாற்காலியைத் தட்டினாள்.

கிஸ்பெர்ட் நின்று சுவரைப் பார்த்தான். நாற்பது வருஷம் காகிதம் விரித்தவனுக்கு உருளையின் சுற்று எவ்வளவு என்று தெரியாதா?

"அடுத்தது அங்க இருக்கு," என்றான்.

அவள் தட்டிய நாற்காலியைத் தாண்டிப் போனான். அதற்கு அடுத்த நாற்காலியின் முன் நின்று, சுவரில் இருந்த கறையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். வலது கையை நீட்டி, மிக மெதுவாக, காகிதத்தின் சுருக்கத்தை நீவுகிற மாதிரி அதைத் தடவினான். பிறகு திரும்பி உட்கார்ந்து, அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டான்.

எக்ஸ்ரே அறையிலிருந்து கூப்பிடும்வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.